வட்டார வலைப்பதிவு அமைத்தல்

வட்டார வலைப்பதிவு என்பது ஓர் ஊரையோ மலையையோ ஆற்றங்கரையையோ பற்றி, அதனை நன்கறிந்த ஒருவர் நாள்வரிசைப்படி எழுதி இணையத்தில் வெளியிடும் தனிநபர் வலைப்பதிவு ஆகும். இதன் இடுகைகள் பெரும்பாலும் சிறியவை. தனித்தனியே பார்க்கையில் முதன்மையற்றவை போலவும் தோன்றும். ஆயினும் ஒரே இடத்தைப் பற்றிப் பத்து, பதினைந்து ஆண்டுகள் எழுதப்பட்ட இடுகைகள் ஒன்றுசேரும்போது அவை வேறெங்கும் கிடைக்காத ஆவணமாகின்றன. ஆகவே வழங்கி, முகவரி, எழுத்துரு, படம் ஆகியவை குறித்து இவ்வகைப் பதிவர் எடுக்கும் முடிவுகள் எல்லாம், எழுதியது பல்லாண்டுகளுக்குப் பின்னும் படிக்கக் கிடைக்குமா என்ற வினாவோடு தொடர்புடையவை.

இத்தகைய வலைப்பதிவைத் தமிழில் அமைக்கும் முறை, சேலம் மாவட்டத்திலுள்ள ஏற்காட்டையும் அதனைச் சூழ்ந்த சேர்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

ஏற்காடு ஓர் எடுத்துக்காட்டாக

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த மலையூர். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து இங்கு காப்பி பயிரிடப்பட்டு வருகிறது. இணையத்தில் ஏற்காட்டைத் தேடுபவருக்குக் கிடைக்கும் பக்கங்களுள் மிகப் பல சுற்றுலாப் பட்டியல்களே. ஏரி, பகோடா முனை, லேடீஸ் சீட், கிளியூர் அருவி, இருபது கொண்டை ஊசி வளைவுகள் என அவை ஒன்றையொன்று பார்த்து எழுதியவை போல இருக்கும்.

மலையில் வாழ்பவர் அறிந்தவை வேறு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் முதல் மழைக்குப் பின் சில நாட்களில் காப்பிச் செடிகள் ஒருசேரப் பூக்கின்றன. அம்மழை எந்த நாளில் பெய்தது, பூ எத்தனை நாள் நின்றது, மே மாதம் நடைபெறும் சேர்வராயன் கோயில் விழாவுக்கு மக்கள் எவ்வழியாக வந்தனர், நாகலூரிலும் வெள்ளக்கடையிலும் அவ்வாண்டு கிணறுகளில் நீர் எவ்வளவு இருந்தது என்பன போன்ற செய்திகள் சுற்றுலாப் பக்கங்களில் இடம்பெறுவதில்லை. நாளிதழ்களிலும் இவற்றுள் சிலவே வருகின்றன. இச்செய்திகளுக்கு மதிப்பு அளிப்பது அவற்றின் நாள்தான். ஓராண்டு பூத்த நாளைக் கூறும் இடுகை வெறும் செய்தி. இருபது ஆண்டுகள் பூத்த நாட்களைக் கூறும் இருபது இடுகைகள் பருவநிலை ஆய்வாளருக்கும் பயன்படும் தரவு.

தமிழ் வலைப்பதிவுகளின் பின்னணி

நாள்வரிசைப்படி எழுதும் வலைப்பக்கங்களைக் குறிக்க 1997 இல் ஆங்கிலத்தில் வெப்லாக் என்ற சொல் உருவானது. அதன் குறுக்கமே பிளாக். இதற்கு ஈடாக வலைப்பதிவு என்ற தமிழ்ச்சொல்லை மணி மு. மணிவண்ணன் முன்வைத்தார். 1999 இல் பிளாகர் சேவையும் 2003 இல் வேர்டுபிரஸ் மென்பொருளும் வெளிவந்தன. தமிழில் முதல் வலைப்பதிவுகள் 2003 சனவரியில் தோன்றின; கார்த்திகேயன் இராமசாமி, நவன் ஆகியோர் முன்னோடிகளாகக் குறிக்கப்படுகின்றனர். மதி கந்தசாமி தமிழ்ப் பதிவுகளின் பட்டியலொன்றைத் தொகுத்தார். 2004 ஆகத்தில் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம், புதிய இடுகைகளைத் தானாகத் திரட்டித் தரும் தளமாகப் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது.

அக்காலத்தில் வலைப்பதிவு தொடங்குபவரின் முதற்சிக்கல் வடிவமைப்பன்று. தமிழ் எழுத்துகள் வாசகரின் திரையில் தெரியுமா என்பதே. திசுக்கி, தாப், தாம் எனப் பல குறியாக்கங்கள் வழக்கில் இருந்தன. விண்டோசு 98 கணினிகளில் ஒருங்குறித் தமிழ் ஒழுங்காகத் தோன்றவில்லை. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி உருவாக்கிய தேனீ இயங்கு எழுத்துரு, எழுத்துருவை நிறுவாத வாசகருக்கும் பக்கத்தைக் காட்ட உதவியதால் பல தமிழ்ப் பதிவுகளில் இணைக்கப்பட்டது. தட்டச்சுக்கு முகுந்தராசின் எ-கலப்பையும், பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றச் சுரதா யாழ்வாணனின் செயலிகளும் பயன்பட்டன. இன்று கணினிகளும் கைபேசிகளும் ஒருங்குறித் தமிழை இயல்பாகவே காட்டுகின்றன. எனினும் பழைய குறியாக்கங்களில் எழுதப்பட்டு மாற்றப்படாமல் விடப்பட்ட பக்கங்கள் இன்றைய வாசகருக்கும் தேடுபொறிக்கும் பொருளற்ற குறிகளின் வரிசையாகவே உள்ளன. அவை அழிக்கப்படவில்லை, படிக்க முடியாதவை ஆயின.

நாளும் நேரமும்

வட்டார வலைப்பதிவில் முதலில் சரிசெய்ய வேண்டிய அமைப்பு நேர வலயம். பலர் இதனைக் கவனிப்பதில்லை. பிளாகரில் புதிய பதிவின் நேரம் அமெரிக்க மேற்குக் கரை நேரமாக அமைந்திருப்பதுண்டு. அவ்வாறு விட்டுவிட்டால், குளிர்காலத்தில் ஏற்காட்டில் காலை 9 மணிக்கு வெளியிடப்பட்ட இடுகை முந்தைய நாள் இரவு 7.30 எனக் குறிக்கப்படும். தன் வழங்கியில் நிறுவப்படும் வேர்டுபிரஸில் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரம் தொடக்க அமைப்பாக இருக்கக்கூடும். அதில் அதிகாலை 5.30 மணிக்கு முன் எழுதப்படுபவை முந்தைய நாளில் சேரும். மழை பெய்த நாளைப் பதியும் வலைப்பதிவுக்கு இது சிறு பிழையன்று.

நாளின் வடிவத்தில் ஆண்டு கட்டாயம் இடம்பெற வேண்டும். நாளை மறைத்துவிடும் வார்ப்புருக்கள் பல உள்ளன. பழைய இடுகைகள் புதியவை போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக அவை அவ்வாறு வடிவமைக்கப்படுகின்றன. வணிகத் தளத்துக்கு ஏற்ற இம்முறை வட்டாரப் பதிவுக்குத் தீங்கானது. 2024 திசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த கனமழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து தடைப்பட்டது. அதுபற்றி "இன்று மலைப்பாதை மூடப்பட்டுள்ளது, குப்பனூர் வழியும் ஐயமே" என்று நாள் காட்டாமல் எழுதப்படும் இடுகை, அடுத்த மழைக்காலத்தில் தேடலில் கிடைக்கும்போது ஒருவரைத் தவறாகத் திருப்பி அனுப்பும். திறந்திருக்கிறது என்று கூறும் பழைய இடுகை அதனினும் ஆபத்தானது. எனவே "இன்று", "போன வாரம்" ஆகிய சொற்களோடு உரைக்குள்ளேயே நாளையும் எழுதுதல் நல்லது. பின்னர் திருத்தம் செய்தால் பழைய வரியை அழிக்காமல், திருத்திய நாளுடன் கீழே சேர்க்கலாம்.

வழங்கியைத் தேர்தல்

வலைப்பதிவை வைத்திருக்கப் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. முதலாவது பிளாகர், வேர்டுபிரஸ்.காம் போன்ற இலவசச் சேவைகள். இவற்றில் மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தால் சில நிமிடங்களில் தொடங்கலாம். பாதுகாப்பு, இற்றைப்படுத்தல் முதலியவற்றை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, கட்டணம் செலுத்தி வழங்கியில் இடம் பெற்று வேர்டுபிரஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை நிறுவுதல். இதில் முழு உரிமையும் பதிவருக்கு உண்டு. முழுப் பொறுப்பும் அவருக்கே. மென்பொருளையும் அதன் செருகுநிரல்களையும் இற்றைப்படுத்தாமல் சில மாதங்கள் விட்டால் தளம் எரிதக்காரர்களின் கையில் சிக்கக்கூடும். ஆண்டுக் கட்டணம் நின்றால் பதிவும் நின்றுவிடும். மூன்றாவது, நிலையான பக்கங்களாக ஆக்கி வைத்தல். எளிய உரைக்கோப்புகளாக எழுதப்படும் இடுகைகளை செக்கில், ஹூகோ போன்ற நிரல்கள் மீயுரைப் பக்கங்களாக மாற்றித் தருகின்றன. கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகளில் அவற்றை இலவசமாக வைக்கலாம். தரவுத்தளம் இல்லாததால் உடைவதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் கட்டளைவரி பழகாதவருக்கு இது கடினம்.

எந்தச் சேவையும் நிலையானதன்று என்பதே இதுவரையான வரலாறு. யாகூவின் சியோசிட்டீசு 2009 அக்டோபரில் மூடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் லைவ் ஸ்பேசஸ் 2011 மார்ச்சிலும் போஸ்டரஸ் 2013 ஏப்ரலிலும் நிறுத்தப்பட்டன. சொந்த வழங்கியில் வைத்துக்கொண்டு பிளாகர் வழியாக வெளியிட்டவர்களும் தப்பவில்லை. வெளி வழங்கிகளுக்குக் கோப்பாக அனுப்பும் வசதியைப் பிளாகர் 2010 மே மாதம் நிறுத்தியது. சேவை மூடப்படாமலேயே பதிவு மறைவதும் உண்டு. 2006 சூலை 11 அன்று நடந்த மும்பைத் தொடர்வண்டிக் குண்டுவெடிப்புகளை அடுத்து, குறிப்பிட்ட சில தளங்களைத் தடுக்குமாறு இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. தனித்தனிப் பதிவுகளைத் தடுக்க இயலாத இணையச் சேவை நிறுவனங்கள் பல, பிளாக்ஸ்பாட் ஆள்களத்தையே முழுவதும் தடுத்தன. ஆணைக்குத் தொடர்பே இல்லாத தமிழ்ப் பதிவுகளும் சில நாட்கள் இந்தியாவில் திறக்கவில்லை.

தொடங்குபவருக்கு இலவசச் சேவையே ஏற்றது. ஓராண்டு தொடர்ந்து எழுதிய பின்னரே வழங்கிக்குப் பணம் செலவிடுவது அறிவுடைமை. ஐந்தாறு இடுகைகளோடு நின்றுபோகும் பதிவுகளே மிகுதி. ஆனால் எச்சேவையாயினும், எழுதியவற்றை முழுமையாகத் தரவிறக்கிக்கொள்ளும் வசதி உள்ளதா என்பதை முதல் நாளே சோதித்துப் பார்க்க வேண்டும். அவ்வசதி இல்லாத சேவை, எவ்வளவு அழகாயினும், தவிர்க்கத்தக்கது.

ஆள்களப் பெயர்

வழங்கியை மாற்றினாலும் முகவரி மாறாதிருக்க வேண்டுமானால் சொந்த ஆள்களப் பெயர் தேவை. இது வழங்கியிலிருந்து தனியானது என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை. பிளாகரில் இலவசமாக எழுதிக்கொண்டே சொந்தப் பெயரை அதனுடன் இணைக்கலாம். பின்னாளில் பிளாகரை விட்டு நீங்கினால் அப்பெயரைப் புதிய வழங்கிக்குத் திருப்பிக்கொள்ளலாம். அதே முகவரிகளைப் புதிய இடத்திலும் பேணினால் பழைய தொடுப்புகள் முறியமாட்டா.

பொதுவான ஆள்களப் பெயர்களை ஒரே தடவையில் அதிக அளவாகப் பத்து ஆண்டுகளுக்குப் பதியலாம். புதுப்பிக்கத் தவறினால், குறிப்பிட்ட சலுகைக் காலத்துக்குப் பின் அப்பெயரை எவரும் வாங்கலாம். வாசகர் பழகிய பெயர்கள் இவ்வாறு சூதாட்ட விளம்பரத் தளங்களாக மாறுவது வழக்கமாகிவிட்டது. பெயர் பதிவரின் பெயரிலேயே பதியப்பட வேண்டும். வடிவமைத்துத் தரும் கடைக்காரரின் பெயரிலோ நண்பரின் பெயரிலோ பதிந்துவிட்டுப் பின்னர் மீட்க முடியாமல் போவது அடிக்கடி நிகழ்வது.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் எனத் தமிழில் முடியும் ஆள்களங்களும் உள்ளன. இவை உள்ளூர எக்ஸ்.என். எனத் தொடங்கும் இலத்தீன் எழுத்து வரிசையாக மாற்றப்பட்டே இயங்குகின்றன. மின்னஞ்சலிலோ உரையாடல் செயலியிலோ ஒட்டும்போது சில வேளைகளில் அவ்வரிசையே வெளிப்பட்டு வாசகரை அச்சுறுத்தும். ஆகவே தமிழ் ஆள்களம் பெறுபவர் இலத்தீன் எழுத்திலும் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

நிலைத்த தொடுப்புகளும் தமிழும்

ஒவ்வோர் இடுகைக்கும் தனி முகவரி உண்டு. இது நிலைத்த தொடுப்பு எனப்படும். தமிழில் எழுதுபவர்கள் இங்கு ஒரு தனிச்சிக்கலை எதிர்கொள்கின்றனர். ஒருங்குறித் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் மூன்று பைட்டுகள் கொண்டது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரு பதினறும எண்களுமாக எழுதப்படும். ஏற்காடு என்ற சொல்லில் ஏ, ற, புள்ளி, க, கால், ட, உகரக் குறி என ஏழு குறிகள் உள்ளன. எனவே நான்கே எழுத்துகளாகத் தோன்றும் இச்சொல் முகவரியில் 63 குறிகளாக விரிகிறது.

வேர்டுபிரஸ் தன் தரவுத்தளத்தில் இடுகையின் முகவரிப் பெயருக்கு 200 குறிகளே ஒதுக்கியுள்ளது. ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம் எனக் கணக்கிட்டால் 22 தமிழ்க் குறிகளுக்கு மேல் அதில் அடங்கா. நீண்ட தலைப்புகள் நடுச்சொல்லில் அறுபடும். ஒத்த தொடக்கமுடைய தலைப்புகள் அறுபட்டபின் ஒன்றாகிவிடுவதால் இறுதியில் எண் சேர்த்துப் பிரிக்கப்படுகின்றன. பிளாகரின் நடைமுறை வேறு. அது தலைப்பிலுள்ள தமிழ் எழுத்துகளை முற்றிலும் நீக்கிவிட்டு, பிளாக்-போஸ்ட் என்ற பொதுப் பெயருடன் ஓர் எண்ணைச் சேர்த்து முகவரி தருகிறது. நூற்றுக்கணக்கான தமிழ் இடுகைகள் இவ்வாறு எண் மட்டும் வேறுபட்ட முகவரிகளோடு உள்ளன. இதனைத் தவிர்க்கப் பழைய பதிவர்கள் முதலில் ஆங்கிலத் தலைப்பிட்டு வெளியிட்டுவிட்டு உடனே தலைப்பைத் தமிழுக்கு மாற்றினர். பின்னர் முகவரியைத் தனியே எழுதும் வசதி வந்தது.

இரு சேவைகளிலும், முகவரியை இலத்தீன் எழுத்தில் சுருக்கமாகப் பதிவரே அமைப்பது சிறந்தது. ஊர்ப் பெயர், பொருள், ஆண்டு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். வெளியிட்ட பின் முகவரியை மாற்றலாகாது.

எழுத்துருவும் பக்க வடிவமைப்பும்

2000களின் நடுவில் தமிழ்ப் பதிவுகளில் ஓடும் எழுத்துகள், வருகை எண்ணி, தானாக ஒலிக்கும் பாடல், பதிவுத் திரட்டிகளின் பட்டைகள் என அணிகலன்கள் மிகுந்திருந்தன. இவற்றுள் பெரும்பாலானவை வெளித்தளங்களிலிருந்து அழைக்கப்படும் நிரல் துண்டுகள். வெளித்தளம் மெதுவானால் பதிவும் மெதுவாகும். அத்தளம் நின்று, அதன் ஆள்களத்தை வேறொருவர் வாங்கினால், அதே துண்டு வாசகரை விளம்பரப் பக்கத்துக்கு இழுத்துச் செல்லக்கூடும். மலைச் சரிவுகளில் அலைபேசி இணைப்பு இடத்துக்கு இடம் மாறுவதால், ஏற்காட்டைப் பற்றி ஏற்காட்டிலேயே இருந்து படிப்பவர்க்கு எடை குறைந்த பக்கமே பயன்படும்.

தமிழ் உரைக்கு ஆங்கில வார்ப்புருக்களின் அளவுகள் பொருந்துவதில்லை. இகர, ஈகாரக் குறிகள் எழுத்தின் மேலும் உகர, ஊகாரக் குறிகள் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையே கூடுதல் இடம் வேண்டும். எழுத்தளவைப் போல் 1.6 முதல் 1.8 மடங்கு வரி உயரம் வைப்பது கண்ணுக்கு இதமானது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அவற்றைக் கைபேசியின் குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்தால் சொற்களிடையே பெரும் இடைவெளிகள் விழும். இடப்புறம் மட்டும் நேராக்குவதே தகும். சாய்வெழுத்து தமிழ் அச்சு மரபுக்கு உரியதன்று. உலாவிகள் எழுத்தைச் செயற்கையாகச் சாய்க்கும்போது வடிவம் கெடுகிறது. எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் அமைப்பையும் தவிர்க்க வேண்டும். அது துணைக்குறிகளை எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும். அடிக்கோடு உகரக் குறிகளை வெட்டுவதால் தொடுப்புகளை நிறத்தாலும் வேறுபடுத்திக் காட்டலாம்.

நோட்டோ சான்சு தமிழ், முக்த மலர், மீரா இனிமை போன்ற கட்டற்ற எழுத்துருக்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒன்றுக்கு மேல் தேவையில்லை. வாசகரின் கருவியில் உள்ள எழுத்துருவையே பயன்படுத்துவது இன்னும் விரைவானது. பக்கத்தின் மொழி தமிழ் என்பதை வார்ப்புருவின் தலைப்பகுதியில் குறிப்பது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான்கள் உரையைத் தமிழாக ஒலிக்க உதவும். வெள்ளைப் பின்னணியில் கரிய எழுத்து என்பதை மாற்ற முனைவோர், கறுப்பில் மஞ்சள் எழுத்துகளைக் கொண்ட பழைய பதிவுகளைப் பத்து நிமிடம் படித்துப் பார்க்கலாம்.

படங்கள்

கைபேசியில் எடுக்கப்படும் படம் பல மெகாபைட்டு அளவுடையது. அகலத்தை 1,200 படப்புள்ளிகளுக்குக் குறைத்தால் தரம் கெடாமல் அதன் எடை சிறு பங்காகிவிடும். மூலப் படத்தைப் பதிவர் தம்மிடம் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். படங்களை வெளிச்சேவையில் ஏற்றி அங்கிருந்து தொடுப்பது எளிதெனினும் நிலையற்றது. 2017 இல் போட்டோபக்கெட் நிறுவனம் இலவசக் கணக்குகளின் படங்களைப் பிற தளங்களில் காட்டுவதை நிறுத்தியபோது, உலகெங்கும் எண்ணற்ற பழைய பக்கங்களில் படங்களுக்கு மாறாக அறிவிப்புப் பலகையே தெரிந்தது. படத்தின் விளக்கக் குறிப்பில் இடமும் நாளும் எழுதப்பட்டிருந்தால், படம் மறைந்தாலும் செய்தி எஞ்சும்.

சேர்வராயன் மலையில் எழுதுபவர்க்கு இன்னொரு கவனமும் வேண்டும். கைபேசி, படக்கோப்புக்குள் எடுத்த இடத்தின் அகலாங்கு, நெட்டாங்குகளைப் பொதிந்து வைக்கக்கூடும். இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில் அமைந்துள்ளது. மலைக்காடுகளிலும் ஆர்க்கிடுகள் இயற்கையாக வளர்கின்றன. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், வணிகத்தால் அழிவைத் தடுக்க ஏற்பட்ட சைட்டிசு உடன்படிக்கையின் பின்னிணைப்புகளில் இடம்பெற்றுள்ளது. காட்டில் பூத்த அரிய செடியின் படத்தை இடக்குறியோடு வெளியிடுவது, அதனைப் பறிக்க வருபவருக்கு வழிகாட்டுவதாக முடியும். ஆகவே ஏற்றுமுன் இடத்தகவலை நீக்கிவிட்டு, உரையில் ஊரளவிலான இடத்தை மட்டும் குறிக்கலாம். மலைவாழ் மக்களின் வீடுகளையும் வழிபாட்டையும் படமெடுப்போர் அவர்தம் இசைவைப் பெறுவதும், அப்படம் இணையத்தில் எவரும் காணக் கிடைக்கும் என்பதை முன்பே கூறுவதும் முறையாகும்.

தேடலும் குறிச்சொற்களும்

ஏற்காடு என்று மட்டும் குறிச்சொல் இட்டால் போதாது. அச்சொல்லைத் தேடுபவருக்குச் சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே ஓடும் ஏற்காடு விரைவுத் தொடர்வண்டியும், ஏற்காடு சட்டமன்றத் தொகுதியின் 2013 இடைத்தேர்தலும் சேர்ந்தே கிடைக்கின்றன. காப்பி, மழை, சாலை, கோயில் விழா, மஞ்சக்குட்டை எனப் பொருளும் சிற்றூரும் தனித்தனிக் குறிச்சொற்களாக அமைய வேண்டும். சேர்வராயன் மலை, சேர்வராயன் மலைகள், ஷெவராய் மலை எனப் பெயர் பலவாறு எழுதப்படுவதால், குறிச்சொல்லில் ஒரே வடிவத்தைப் பின்பற்றி, பிற வடிவங்களை உரையில் ஓரிடத்தில் குறிப்பிடலாம்.

கால் குறிக்கு மாறாக ரகரத்தைத் தட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். தேடுபொறிக்கோ அது ஏற்கரடு என்ற வேறு சொல். பழைய நூல்களிலிருந்து எழுத்துணரி வழியாக எடுக்கப்படும் உரையிலும் இப்பிழை மிகுதி.

மறுமொழிகள், செய்தியோடை, விளம்பரம்

வட்டாரப் பதிவில் மறுமொழிகள் இடுகைக்கு இணையான மதிப்புடையவை. ஊரைவிட்டு வெளியேறியவர்கள் பழைய பெயர்களையும் நிகழ்வுகளையும் எழுதுவது பெரும்பாலும் அங்கேதான். எனவே மறுமொழிகளும் பதிவோடு ஒரே இடத்தில் சேமிக்கப்பட வேண்டும். 2013 முதல் பிளாகரில் கூகுள் பிளஸ் மறுமொழி முறையைச் சேர்த்துக்கொண்டவர்கள், அச்சமூகத் தளம் 2019 இல் மூடப்பட்டபோது அவற்றை இழந்தனர். எரிதங்களைத் தவிர்க்க மட்டுறுத்தல் தேவை.

செய்தியோடையை முழு உரையுடன் அளிப்பது நல்லது. கூகுள் ரீடர் 2013 சூலை 1 அன்று நிறுத்தப்பட்ட பின் ஓடை வழியே படிப்போர் குறைந்தனர் எனினும் இம்முறை இன்றும் இயங்குகிறது. முகநூலில் மட்டும் எழுதுவது மிகுந்த வாசகரைத் தரும். ஆனால் மூன்றாண்டுகளுக்கு முன் எழுதியதை அங்கு தேடியெடுப்பது எழுதியவருக்கே அரிது. வலைப்பதிவில் எழுதிவிட்டுத் தொடுப்பை அங்கு இடுவது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி.

கூகுள் விளம்பரச் சேவை தமிழ்ப் பக்கங்களை 2018 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. சிற்றூர்ப் பதிவொன்றின் வருகையில் அதனால் ஆள்களக் கட்டணம் கிடைத்தாலே பெரிது.

உரிமமும் காப்புப்படியும்

1957 ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் எழுதியவற்றின் உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், பின்னர் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. உரிமம் எதுவும் குறிக்கப்படாத பதிவை, எழுதியவரைத் தொடர்புகொள்ள இயலாத நிலையில், வேறெவரும் படியெடுத்துக் காப்பாற்றச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. ஆகவே பக்கத்தின் அடியில் படைப்பாக்கப் பொதும உரிமம் ஒன்றைக் குறிப்பது பதிவின் வாழ்நாளை நீட்டிக்கும் எளிய வழி. 2013 இல் தொடங்கப்பட்ட ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் திட்டம், வலைப்பதிவுகளில் இவ்வாறு உரிமமளிக்கப்பட்ட எழுத்துகளைத் தொகுத்து இலவச மின்னூல்களாக வெளியிடுகிறது. ஏற்காட்டின் பெயரைத் தம் பெயரோடு கொண்ட அறிவியல் எழுத்தாளர் ஏற்காடு இளங்கோவின் நூல்கள் பலவும் இத்திட்டத்தில் வெளியாகியுள்ளன.

காப்புப்படி எடுப்பதில் பரவலான தவறான எண்ணம் ஒன்றுண்டு. பிளாகரும் வேர்டுபிரஸும் தரும் ஏற்றுமதிக் கோப்பில் இடுகைகளும் மறுமொழிகளும் இருக்கும். படங்கள் இரா, அவற்றின் முகவரிகளே இருக்கும். படங்களைத் தனியே சேமிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இரண்டையும் எடுத்து, ஒரு படியைக் கணினியிலும் மற்றொன்றை வேறு வீட்டிலுள்ள வன்தட்டிலும் வைக்கலாம். இணைய ஆவணகத்தின் வேபேக் எந்திரத்தில் ஒவ்வொரு புதிய இடுகையின் முகவரியையும் பதிவரே இட்டுச் சேமிக்கச் செய்யலாம்; இதற்குக் கட்டணமில்லை.

கடைசியாக, பதிவர் இல்லாத காலம். தேன்கூடு என்னும் தமிழ்த் திரட்டியை உருவாக்கிய சாகரன் 2007 இல் காலமானார். அத்திரட்டியும் பின்னர் நின்றுபோனது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கக்கூடும் என்ற கொள்கையைக் கூகுள் 2023 இல் அறிவித்தது. அதே நிறுவனம் 2013 முதல் வழங்கும் செயலற்ற கணக்கு மேலாளர் என்னும் அமைப்பில், கணக்கு குறிப்பிட்ட மாதங்கள் அசையாதிருந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எவற்றைத் தரவிறக்க இசைவளிக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறிக்கலாம். ஆள்களப் பெயர் எங்கு பதியப்பட்டது, எப்போது புதுப்பிக்க வேண்டும், காப்புப்படி எங்கு உள்ளது என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைப்போரும் உளர்.